முதலில் தொலைபேசியா, மருத்துவமனையா?

தூக்கம் கெட்டு, வேலையில் மனம் ஒட்டாமல் வாரங்கள் நகர்ந்தால் பெங்களூர்த் தமிழர் எங்கே தொடங்குவது? 14416 என்ற எண்ணிலா, ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையிலா?

14416 மத்திய அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவைக்குரிய எண். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய இச்சேவைக்குக் கட்டணம் இல்லை. 24 மணி நேரமும் இயங்குகிறது. ஸ்ரீராம்புரத்தில் ஒற்றை அறையில் ஐந்து பேரோடு வசிப்பவர்கூட மொட்டைமாடிக்குப் போய்ப் பேசிவிடலாம். தமிழையே தேர்ந்தெடுக்கலாம். கன்னடத்தில் சரளமாகப் பேரம் பேசுபவருக்கும் அழுகை தாய்மொழியில்தானே வருகிறது! முதலில் பேசுபவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். தேவையென்றால் மனநல மருத்துவரிடம் இணைப்பார்.

ஆனால் குரலை மட்டும் கேட்பவரால் கை நடுங்குவதையோ உடல் மெலிந்ததையோ பார்க்க முடியாது. தைராய்டு குறைபாடும் மனச்சோர்வு போலவே தோன்றலாம். அதைக் கண்டறிய ரத்தப் பரிசோதனை வேண்டும். இல்லாத குரல்கள் கேட்கின்றன என்பவரையும் நாள்கணக்கில் உண்ணாதவரையும் நேரில் அழைத்துப் போவதே சரி. நிம்ஹான்ஸ் புறநோயாளிப் பிரிவில் கூட்டம் அதிகம். அரைநாள் விடுப்பை நம்பிப் போகாதீர்கள்.

தொடக்கநிலைக் கவலைக்கு என் ஓட்டு தொலைபேசிக்கே. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைதூக்கினால் யோசிக்கவே வேண்டாம்: துணையோடு அவசரப் பிரிவுக்குப் போங்கள், வழியிலேயே 14416ஐ அழையுங்கள்.