லாமு: காற்றைப் பார்த்துத் தேதி குறிக்க வேண்டிய தீவு

கென்யாவின் வடகடலோரத்தில் உள்ள லாமு தீவுக்கு நைரோபியிலிருந்து பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன். பழைய சுவாஹிலி நகரத்தைப் பார்ப்பதையும் மீன்பிடிப்பதையும் ஒரே விடுமுறையில் முடித்துவிட வேண்டும் என்று விரும்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது விடுதியைப் பற்றித்தான். விடுதி கடைசியில் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். காற்று, ஓதம் (கடல்நீர் ஏறுவதும் வற்றுவதும்), பிறை இவற்றைப் பார்த்துத் தேதியைக் குறிக்காமல் போகிறவர்களுக்கு அந்தத் தீவு பாதிதான் கிடைக்கும்.

நம் கரையில் வாடைக்காற்று வீசும் காலத்தில் அங்கே வீசும் வடகிழக்குக் காற்றைக் கஸ்காசி என்கிறார்கள். அரபு வணிகர்களின் மரக்கலங்கள் நூற்றாண்டுக் கணக்கில் இந்தக் காற்றைப் பிடித்துத்தான் அந்தக் கரைக்கு வந்தன. ஏறக்குறைய நவம்பர் முதல் மார்ச் வரை கடல் படகுக்கு இணங்கிப் போகும். ஏப்ரலுக்குப் பிறகு தெற்கிலிருந்து குசி என்னும் காற்று எழுகிறது. மே, ஜூன் மாதங்களில் மழையும் சேர்ந்துகொள்வதால் பவளப்பாறைக்கு வெளியே போகப் படகோட்டிகள் தயங்குவார்கள், விடுதிகள் பலவும் மூடிக் கிடக்கும். லாமுவின் மிகப் பெரிய பண்பாட்டு நிகழ்வான மௌலிதி என்னும் நபிகள் பிறந்தநாள் விழாவோ காற்றைப் பார்த்து வருவதில்லை. மார்க்க அறிஞர் ஹபீப் சாலிஹ் நிறுவிய ரியாதா பள்ளிவாசலை மையமாகக் கொண்டு இஸ்லாமிய நாட்காட்டியின் ரபியுல் அவ்வல் மாதத்தில் நடக்கும் அந்த விழா பிறைக் கணக்கில் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னதாக நகர்ந்து, இப்போது ஆகஸ்ட், செப்டம்பரில் விழுகிறது. ஓதல்களையும், கைத்தடி ஏந்தி வரிசையாக நின்று ஆடும் ஆண்களின் ஆட்டத்தையும், கழுதைப் பந்தயத்தையும் காண அப்போது போகலாம்; ஆழ்கடல் மீனை மட்டும் அந்த வாரத்தில் எதிர்பார்க்கக் கூடாது. மறுபுறம், ரமலான் மாதம் இப்போது நல்ல மீன்பிடிக் காலத்தின் நடுவிலேயே வருகிறது. பகலில் உணவகங்கள் பெரும்பாலும் மூடியிருக்கும், படகில் வருகிறவர்களும் நோன்பிருப்பார்கள். இரண்டு ஆசையும் நிறைவேற வேண்டுமென்றால் நவம்பர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி வரை உள்ள காலத்தைத்தான் நான் பரிந்துரைப்பேன். லாமு பண்பாட்டு விழா வழக்கமாக நவம்பரில் நடக்கும்; புத்தாண்டு நாளில் ஷேலா கிராமத்துக்கு எதிரே பாய்மரப் படகுப் போட்டியும் உண்டு.

மீன்பிடிப்பு என்ற பெயரில் அங்கே இரண்டு வேறுபட்ட அனுபவங்கள் விற்கப்படுகின்றன. ஒன்று, இயந்திரப் படகில் பவளப்பாறையைத் தாண்டிச் சென்று, ஓடும் படகின் பின்னால் தூண்டிலை இழுத்து மயில்மீனுக்கும் (செயில்ஃபிஷ்) கேரைக்கும் (சூரை வகை மீன்) காத்திருப்பது. செலவு மிகுந்த இந்த வேலையில் வெறுங்கையோடு திரும்பும் நாட்களும் உண்டு. மயில்மீன் பெரும்பாலும் அலகால் இரையை அடித்துப் பார்த்துவிட்டே வாயில் வாங்கும் என்பதால், அடி விழுந்ததும் கம்பைச் சுண்டுகிறவர் மீனை இழக்கிறார். நூலைச் சற்றுத் தளர்த்தி விட்டுப் பிறகு இறுக்குகிறவருக்கே அது வசப்படுகிறது. பிடித்த மயில்மீனை அடையாள வில்லை குத்தி மீண்டும் கடலில் விடும் வழக்கம் கென்யக் கரையில் வலுப்பெற்றிருப்பதற்கு, வட்டாமு என்னும் கடலோர ஊரில் இயங்கும் ஆப்பிரிக்கன் பில்ஃபிஷ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு ஒரு முக்கியக் காரணம். மீனை வீட்டுக்குக் கொண்டுபோக நினைப்பவர் இதைப் படகில் ஏறும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

மற்றொன்று, பாய்மரப் படகில் அலையாத்திக் காடுகளுக்கு நடுவிலுள்ள கால்வாய்களில் கைத்தூண்டில் போடுவது. உண்மையைச் சொன்னால் எனக்கு இதுதான் பிடித்தது. குசிக் காலத்திலும் இது நடக்கும். படகோட்டி நைலான் நரம்பை ஆட்காட்டி விரலின் மேல் ஓடவிட்டு, கணவாய்த் துண்டைக் கொறிக்கும் சின்ன மீனுக்கு அசையாமல் இருந்து, விளமீனோ செப்பிலியோ விழுங்கும் அந்த ஒரு கனத்த இழுப்புக்கு மட்டும் கையை மேலே வீசுவார். புதியவர்களின் விரலை நரம்பு அறுத்துவிடும். ஒரு துண்டுத் துணி போதும், அதை மறக்காமல் எடுத்துப் போங்கள். காற்று பலமானால், படகின் பக்கவாட்டில் நீண்டிருக்கும் பலகையின் நுனிக்கு ஓர் ஆள் ஏறிப்போய்த் தன் உடல் எடையாலேயே படகைச் சமன் செய்வதைப் பார்க்கலாம். மதியம் மணல்திட்டில் கரியடுப்பை மூட்டி, எலுமிச்சையும் பூண்டும் தடவிச் சுட்ட மீனைத் தேங்காய்ப்பால் சோற்றோடு தருவார்கள்.

ஓதத்தை அறியாமல் அங்கே எந்தத் திட்டமும் போட முடியாது. எதிரே உள்ள மண்டா தீவில், 17ஆம் நூற்றாண்டில் மக்கள் கைவிட்டுச் சென்ற தக்வா நகரத்தின் பள்ளிவாசலும் தூண் கல்லறையும் காட்டுக்குள் நிற்கின்றன. அங்கே போகும் அலையாத்திக் கால்வாயில் நீர் ஏறியிருக்கும்போதுதான் படகு நுழையும்; பார்த்து முடிக்கத் தாமதித்தால் அடுத்த ஏற்றம் வரை சேற்றின் கரையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பாத்தே தீவுக்குப் போகும் ம்கண்டா கால்வாயும் அப்படியே. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் மிகுதியாக இருக்கும் என்பதால், நாட்காட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த நாள் தக்வா, எந்த நாள் தூண்டில் என்று படகோட்டியிடமே பேசி முடிவு செய்வது நல்லது. நேரம் கேட்கும்போது கவனம் தேவை: சுவாஹிலிக் கணக்கில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது, ஆகவே நமது காலை 7 மணி அவர்களுக்கு 1 மணி.

2001இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பழைய நகரத்துக்குக் காலை வேளைகளை ஒதுக்குங்கள். பவளக்கல்லாலும் அலையாத்தி மரத்தாலும் கட்டிய வீடுகளின் முன்னே, நம் திண்ணையைப் போலவே, பராசா என்ற கல்லிருக்கைகள் உள்ளன. சந்துகளில் கழுதைகளுக்கு வழிவிட வேண்டும், கார்களுக்கு அங்கே இடமில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கோட்டையை விட, மாடக்குழிகள் நிறைந்த சுவரோடு மீட்டெடுக்கப்பட்ட சுவாஹிலி இல்ல அருங்காட்சியகம் என்னை அதிகம் ஈர்த்தது. 1888இல் ஜெர்மானியர் திறந்த அஞ்சலகத்தை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். தோளும் முழங்காலும் மூடிய உடை அணிவது அங்குள்ளவர்களுக்குத் தரும் மரியாதை.

விலையில் ஓர் எச்சரிக்கை. நான் தங்கிய விடுதி ஒன்று, கரையில் நேரடியாகப் பேசினால் கிடைக்கும் தொகையைப் போல இரண்டு மடங்கை அதே படகுக்கு வாங்கியது. படகோட்டியிடமே பேசுங்கள், எரிபொருள், இரை, பனிக்கட்டி, மதிய உணவு, பிடித்த மீன் யாருக்கு என்பது வரை முன்கூட்டியே சொல்லி வாங்குங்கள், முழுப் பணத்தையும் முன்னதாகக் கொடுக்காதீர்கள்.

நைரோபியிலிருந்து மண்டா விமான நிலையத்துக்குப் பறந்து, அங்கிருந்து படகில் கடப்பதே சரியான வழி. சோமாலிய எல்லையை ஒட்டிய லாமு மாவட்டத்தின் பெருநிலப்பகுதியில் 2014இல் ம்பெகெடோனியில் நடந்தது போன்ற தாக்குதல்கள் நிகழ்ந்திருப்பதால், பேருந்துப் பயணத்தை நான் யாருக்கும் சொல்வதில்லை. புறப்படும் முன் பயண எச்சரிக்கைகளையும் பார்த்துவிடுங்கள். சிறிய விமானங்களில் எடை வரம்பு கண்டிப்பானது, எனவே பிரித்து மடக்கக்கூடிய தூண்டில்கம்புதான் உதவும். நெகிழிப் பைகளுக்குக் கென்யாவில் 2017 முதல் தடை உள்ளதால் இரைப் பொருட்களைத் துணிப்பையில் கட்டுங்கள். இந்தியாவிலிருந்து வருவோர் மின்னணுப் பயண அனுமதியை இணையத்தில் முன்பே பெற வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பு போட்டுக்கொள்ளுங்கள். கென்யாவிலிருந்து அந்தச் சான்றிதழ் இல்லாமல் திரும்புகிறவரை இந்திய விமான நிலையத்தில் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி இருக்கிறது.