அண்ணாந்து எடுக்கும் படம்: நின்றா, படுத்தா, போனைத் தரையில் வைத்தா?

விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுக்காதே என்று திட்டு வாங்கி வளர்ந்தவன் நான். நாற்பது வயதுக்கு மேல் அதையேதான் கையில் போனோடு செய்துகொண்டிருக்கிறேன். மதுரையில் எங்கள் அடுக்குமாடிப் படிக்கட்டு, டீக்கடை வேப்பமரம், கோபுரம், மகால் என்று தலைக்கு மேலே இருப்பதை மட்டும் எடுத்துப் பார்த்தேன். கையில் இருந்தவை நான்கு: போனில் 0.5 என்று காட்டும் வைட் லென்ஸ், 1 என்று காட்டும் மெயின் லென்ஸ், செல்ஃபி கேமரா, அப்புறம் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த பழைய டிஎஸ்எல்ஆர், அதாவது லென்ஸ் மாற்றக்கூடிய பெரிய கேமரா.

நான்கில் எது உசத்தி என்று பார்க்கத்தான் ஆரம்பித்தேன். ஆனால் படத்தைக் கெடுத்தது பெரும்பாலும் என் கழுத்துதான். கேமராவை லேசாக அண்ணாந்து பிடித்தால், கட்டடத்தின் நேர்க்கோடுகள் மேலே போகப்போக ஒன்றை ஒன்று நெருங்கும். பின்பக்கம் சாய்ந்து விழப்போவதுபோல் இருக்கும். அதே கேமராவை நேர் செங்குத்தாக வானத்தைப் பார்க்க வைத்தால், எல்லாக் கோடுகளும் நடுவில் ஒரு புள்ளியை நோக்கி ஓடும். முதல் படத்தைப் பார்த்தால் கை தவறி எடுத்ததாகத் தோன்றும். இரண்டாவது வேண்டுமென்றே எடுத்தது என்று யாருக்கும் தெரியும். நின்றுகொண்டு எடுத்தால் என் கழுத்து அந்தச் செங்குத்து வரை போவதில்லை. கடைசி இருபது டிகிரி பாக்கி நிற்கும்.

முதலில் 0.5. பெரும்பாலான போன்களில் இது 120 டிகிரி அளவுக்கு அகலமாகப் பார்க்கும். மெயின் லென்ஸ் 80-ஐ ஒட்டித்தான். அண்ணாந்து எடுப்பவர் எல்லோரும் முதலில் தொடுவது இந்த 0.5-ஐத்தான், நானும் அப்படித்தான். எங்கள் தெருவில் எடுத்தால் இரண்டு பக்கத்து மாடி, கேபிள் ஒயர், தண்ணீர்த் தொட்டி, கொடியில் காயும் லுங்கி எல்லாம் ஒரே படத்தில் வந்துவிடும். வந்ததெல்லாம் ஓரத்தில் இழுபட்டுத்தான் வரும். மீனாட்சி அம்மன் கோவிலின் தெற்குக் கோபுரத்தை அடியில் நின்று எடுத்தபோது வேறு ஒரு சங்கதி தெரிந்தது. கோபுரம் இயல்பாகவே மேலே போகப்போகக் குறுகுவது. லென்ஸும் தன் பங்குக்குக் குறுக்கினால் 170 அடிக் கோபுரம் குட்டையான கூம்பாகிவிடுகிறது. கீழ்நிலைப் பொம்மைகள் பெரிதாகவும் உச்சிக் கலசங்கள் கடுகு அளவிலும் இருந்தன. தெருவில் தள்ளிப் போய், மெயின் லென்ஸில் எடுத்ததில்தான் கோபுரம் கோபுரமாக வந்தது. (கோவிலுக்குள் போன் கொண்டுபோக முடியாது. அதனால் உள்ளே விதானத்தில் இருக்கும் ஓவியங்களைக் கண்ணால் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.)

வேப்பமரத்துக்கு மெயின் லென்ஸ்தான். சந்தேகமே இல்லை. 0.5-இல் இலைகள் பொடிப்பொடியாகி, விளிம்பில் ஊதா நிறம் ஒட்டிக்கொள்ளும். மெயினில் கிளை பிரியும் இடமும் அதில் காக்கா கட்டிய கூடும் தெளிவாக நிற்கும். வெளிச்சம்தான் தொல்லை. இலையைத் தொட்டு அளவு வைத்தால் வானம் வெள்ளைச் சுவராகிவிடும், வானத்தைத் தொட்டால் மரம் கரிக்கட்டை. காலை ஏழு மணிக்கு முன்னால் போனேன், பிரச்சினை பாதி குறைந்தது. மீதிக்கு, திரையில் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுத்தால் போதும். செங்குத்து வேண்டுமென்று கடை பெஞ்சில் மல்லாந்து படுத்தேன். டீ மாஸ்டர் ஓடி வந்து, "என்னண்ணே, மயக்கமா? சோடா வாங்கியாரவா?" என்றார். படுத்து எடுப்பதில் படம் நன்றாக வரும், மானம்தான் போகும். முதுகில் இருந்த டீக்கறையை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

1925-இலேயே ரஷ்யக் கலைஞர் அலெக்சாந்தர் ரோத்சென்கோ மாஸ்கோவில் மியாஸ்னித்ஸ்கயா தெரு வீட்டின் பால்கனிகளைக் கீழே இருந்து அண்ணாந்து எடுத்தார். எல்லோரும் தொப்புள் மட்டத்தில் கேமராவைப் பிடித்து எடுக்கிறார்கள் என்பது அவர் குறை. இன்றைக்கு நாம் மூக்கு மட்டத்துக்கு வந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

சரி, செல்ஃபி கேமரா. அடுக்குமாடிப் படிக்கட்டின் நடுவே ஒரு கிணறுபோல் இடைவெளி இருக்குமே, அதன் அடியில் போனைத் திரை மேலே பார்க்க வைத்து, பத்து விநாடி டைமர் போட்டுவிட்டுப் படிக்கு அடியில் குனிந்து ஒளிந்துகொண்டேன். கைப்பிடிகள் சதுரத்துக்குள் சதுரமாக அடுக்கி, உச்சியில் ஒரு துண்டு வானத்தோடு படம் வந்தது. நின்று எடுத்த முப்பது படங்களில் ஒன்றுகூட இப்படி வரவில்லை. காரணம் எளிது: தரைக்குக் கழுத்து வலி கிடையாது.

இதிலும் சில்லறைச் சிக்கல்கள் உண்டு. போனின் முதுகில் கேமரா மேடு துருத்திக்கொண்டிருப்பதால் வெறும் தரையில் வைத்தால் ஒரு பக்கம் தூக்கும். தடித்த கவர் போட்டிருந்தால் சரி, இல்லாவிட்டால் மடித்த துண்டு ஒன்று. பல போன்களில் செல்ஃபி கேமராவுக்குக் கைநீளத் தூரத்துக்கு நிலையாக வைத்த ஃபோகஸ்தான். ஐந்தாவது மாடிக் கம்பி கொஞ்சம் மங்கலாக வரும். போன் படுத்துக் கிடந்தால் நெட்டு எது, கிடை எது என்று அதற்கே தெரியாது. படத்தைப் பிறகு திருப்ப வேண்டியிருக்கும். கண்ணாடிபோல் திருப்பிச் சேமிக்கும் செட்டிங்கை அணைக்காமல் தெருவில் எடுத்தால் பேனர் எழுத்தெல்லாம் இடவலம் மாறிவிடும்.

எனக்குப் பிடித்த படம் எடுத்தபோது மூன்றாம் மாடி அக்கா கைப்பிடிக்கு மேல் எட்டிப் பார்த்து, "யாருப்பா அது, போனைக் கீழே போட்டுட்டுப் போனது?" என்றார். சதுரங்களின் ஓரத்தில் விரலால் மறைக்கும் அளவுக்கு அவர் முகம், தொங்கும் ஒரு பின்னல். அவரிடம் காட்டினேன். பின்னல் நன்றாக இல்லை, அழித்துவிடு என்றார். அழித்துவிட்டேன்.

டிஎஸ்எல்ஆர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பெரிய கேமரா என்பதால் நிறைய அடங்கும் என்று நினைத்தேன். கேமராவோடு வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸில் 18 அகலமாகப் பார்க்கும் முனை, 55 தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் முனை. அந்த 18, படத்தைப் பதியும் சென்சார் சிறியதாக உள்ள என் கேமராவில், முழு அளவு ஃபிலிம் கேமராவின் 29-க்குச் சமம். போனின் மெயின் லென்ஸைவிடக் குறுகல். 1636-இல் கட்டிய திருமலை நாயக்கர் மகாலில், செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பிய குவிமாடத்தின் அடியில் அதை மல்லாத்தி வைத்தேன். பின்னால் துருத்தும் கண்வைக்கும் பகுதியால் கோணலாகத்தான் நின்றது. ஒயரில் வரிசையாக உட்கார்ந்த மைனாக்களுக்கு மட்டும் 55 முனை போனைத் தோற்கடித்தது. டிஎஸ்எல்ஆரைச் சூரியன் இருக்கும் பக்கம் திருப்பி, பின்னால் உள்ள பார்க்கும் துளையில் கண் வைத்துவிடாதீர்கள், கண் போய்விடும்.

மைனாவுக்கு இனியும் அதைத் தூக்கிப் போவேன். மரத்துக்கு 1, படிக்கட்டுக்கும் கூரைக்கும் தரையில் செல்ஃபி கேமரா. 0.5-ஐ எங்கள் சந்துக்கு மட்டும் வைத்திருக்கிறேன். அங்கே பின்னால் நகரச் சுவர் விடாது.