டெபியன் மேம்படுத்தியாச்சு: ஆட்டோரிமூவா, மொத்தமாகப் பர்ஜா?

டெபியன் என்ற லினக்ஸ் சிஸ்டம் 11-லிருந்து 12-க்கு வந்தாச்சு, ரீபூட்டும் ஆச்சு. மிச்சம் கிடக்கும் பழைய பேக்கேஜ்களை (மென்பொருள் தொகுப்புகளை) கழிக்க, அவற்றை நிறுவவும் நீக்கவும் உதவும் ஆப்ட் கட்டளையின் ஆட்டோரிமூவ் ஒரு வழி. அமைப்புக் கோப்புகளோடு (கான்ஃபிக்) சேர்த்து நீக்கும் ஆப்ட் பர்ஜுடன் ~ குறியும் ஓ எழுத்தும் கொடுத்து, இப்போது எந்த ரெப்போவிலும் (பேக்கேஜ்கள் இறங்கும் இணையக் கிடங்கு) இல்லாததை எல்லாம் ஒரே அடியாகத் துடைப்பது இன்னொரு வழி. நான் முதலாவதன் பக்கம்.

ஆட்டோரிமூவ், வேறொன்றுக்காகத் தானாக வந்து இப்போது யாருக்கும் தேவைப்படாததை மட்டும்தான் எடுக்கும், நீங்கள் கேட்டு நிறுவியதைத் தொடாது. பழைய கர்னல்கள் (சிஸ்டத்தின் மையப் பகுதி) பெரும்பாலும் இதிலேயே போய்விடும், ஒன்று போனாலே சில நூறு எம்பி மிச்சம். குறை என்னவென்றால், வேறொரு பேக்கேஜ் பரிந்துரைத்திருந்தாலே போதும், பழைய லைப்ரரியை விட்டுவைத்துவிடும்.

~ஓ அப்படியில்லை, ரெப்போவில் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். தனி டெப் கோப்பாக இறக்கிப் போட்ட பிரிண்டர் டிரைவரும் அதற்குக் குப்பைதான்.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். டெபியன் 11-இல் இருந்தது 13, 12-இல் வருவது 15. புதிது வந்தாலும், டேட்டாவைப் புதிய பதிப்புக்கு மாற்றும் பிஜி_அப்கிரேட்கிளஸ்டர் கட்டளையை ஓட்டும்வரை உங்கள் டேட்டா முழுக்க 13-இல்தான் இருக்கும், புரோகிராம்கள் வழக்கமாக வந்து இணையும் 5432 போர்ட்டும் அதனிடமேதான். இதற்காகவே போஸ்ட்கிரெஸ் பேக்கேஜ்கள் ஆட்டோரிமூவுக்கு ஒரு விலக்குக் கோப்பை எழுதி வைக்கின்றன, ஆனால் பர்ஜ் அந்தக் கோப்பைப் பார்ப்பதில்லை. பர்ஜ் ஓடும்போது டேட்டா டைரக்டரிகளையும் அழிக்கலாமா என்று ஒரு கேள்வி வரும், அதில் முன்கூட்டியே தேர்ந்திருப்பது 'ஆம்'. அவசரத்தில் என்டர் தட்டினால் போச்சு.

அதனால் முதலில் ஆட்டோரிமூவ். அப்புறம் ஆப்ட் லிஸ்டுக்கு அதே ~ஓ கொடுத்து, வருவதை வரிவரியாகப் படித்து, வேண்டாததைப் பெயர் சொல்லி ரிமூவ் செய்யுங்கள். ரிமூவ் செய்தால் கான்ஃபிக் தங்கும், நிறுவியவற்றைக் காட்டும் டிபிகேஜி பட்டியலில் அந்த வரிக்கு முன்னால் ஆர்சி (நீக்கியாச்சு, கான்ஃபிக் மட்டும் மிச்சம்) என்று நிற்கும், கிடந்துவிட்டுப் போகட்டும். அதையும் துடைக்க ~சி இருக்கிறது, ஆனால் அதுவும் பர்ஜ்தான், ரிமூவ் ஆன போஸ்ட்கிரெஸ் 13-இன் டேட்டா கேள்வி அங்கேயும் வரும்.

எந்தெந்தப் போஸ்ட்கிரெஸ் பதிப்பில் டேட்டா இருக்கிறது என்று காட்டும் பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ் ஓட்டிப் பாருங்கள். அதில் 13 என்று ஒரு வரி தெரிகிற வரைக்கும் எந்தப் பர்ஜும் வேண்டாம்.