பாஸ்ட்ராப்பில் வீடு: நகராட்சி கரண்டா, கூட்டுறவு கரண்டா?

நம் ஊரில் வீடு வாங்கும்போது கரண்டு யார் தருவார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஈபிதான், வேறென்ன? டெக்சாஸில், ஆஸ்டினுக்குக் கிழக்கே பாஸ்ட்ராப் பக்கம் வீடு தேடியபோது நாங்கள் அதிகம் விசாரித்ததே அதைத்தான். மனை எந்த எல்லைக்குள் வருகிறதோ அந்த நிறுவனத்தின் கம்பிதான் வீட்டுக்கு வரும், மாற்ற முடியாது.

பக்கத்து எல்ஜினைச் சீக்கிரமே விட்டுவிட்டோம். அங்கே பல தெருக்களில் கம்பி ஆன்கோர் என்ற தனியார் கம்பெனியுடையது. மின்சாரத்தை, 2002-இல் போட்டிக்குத் திறந்துவிட்ட சந்தையில், நாமே ஒரு விற்பனையாளரைத் தேடி வாங்க வேண்டும். 2021 பிப்ரவரிக் கடுங்குளிரில் மொத்த விற்பனைச் சந்தை விலை யூனிட்டுக்கு 9 டாலர் வரை போனது. அந்த விலையோடு ஏறி இறங்கும் திட்டத்தில் இருந்தவர்களுக்கு ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்தது. நிலையான விலைத் திட்டம் எடுத்தால் அந்த ஆபத்து இல்லை. ஆனால் ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் திரும்பத் தேட வேண்டும். அது எங்களுக்குச் சரிப்படாது.

மிச்சம் இரண்டு. ஊருக்குள் நகராட்சியின் பாஸ்ட்ராப் பவர் அண்ட் லைட். வெளியே கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) புளூபானெட் மின் கூட்டுறவு. நாங்கள் வாங்கிப் பார்த்த பில்களில் இருந்த வித்தியாசம் முடிவை மாற்றும் அளவுக்கு இல்லை. நகராட்சிக்கு ஒரு பெரிய வசதி உண்டு: வீடுகள் நெருக்கம், கம்பி குட்டை, அலுவலகம் கூப்பிடு தூரம்.

நாங்கள் கூட்டுறவு எல்லையில்தான் வாங்கினோம். காரணம் மரம்.

இந்தப் பகுதி முழுக்க பைன் காடு. 2011 செப்டம்பரில் இங்கே பிடித்த தீயில் 1,600-க்கும் மேற்பட்ட வீடுகள் போயின. பலத்த காற்றில் மரங்கள் மின்கம்பிமேல் சாய்ந்ததே தொடக்கம் என்று மாநில வனத்துறை கண்டறிந்தது. அதை ஒட்டிக் கூட்டுறவின்மேல் வழக்குகளும் நடந்தன. பிறகு ஏன் அங்கேயே வாங்கினீர்கள் என்று கேட்பீர்கள். அதனால்தான் கிளை கழிப்பது யார் பொறுப்பு, அதற்குப் பணம் ஒதுக்குவது யார் என்று துருவிக் கேட்டோம்.

1930-களின் நடுவில் அமெரிக்கப் பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. நாலு வீட்டுக்காக மைல் கணக்கில் கம்பம் நடத் தனியார் கம்பெனிகள் முன்வரவில்லை. 1936 கிராம மின்மயச் சட்டம் கடன் கொடுத்தது, விவசாயிகளே சேர்ந்து கூட்டுறவு ஆரம்பித்தார்கள். புளூபானெட் 1939-இல் வந்தது. இன்றும் நாட்டில் மின் கூட்டுறவுகளுக்குச் சராசரியாக ஒரு மைல் கம்பிக்கு எட்டு இணைப்புகள்தான். பாதகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவ்வளவு நீளக் கம்பி வைத்திருப்பவர்களுக்குக் கிளை கழிப்பது ஓரத்து வேலை இல்லை, பிழைப்பே அதில்தான். நகராட்சியில் சாலை, போலீஸ், மின்சாரம் எல்லாம் ஒரே மன்றத்தின் முன் வரும். கூட்டுறவில், கரண்டு வாங்கும் உறுப்பினர்களே வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் இயக்குநர்களுக்கு மின்சாரம் ஒன்றே கவலை, அவர்களும் அதே கம்பிக்குக் கீழே குடியிருப்பவர்கள். மிஞ்சும் பணமும் உறுப்பினர் கணக்கில் வரவாகி, வருடங்கள் கழித்தாவது திரும்பி வரும்.

குடிவந்த முதல் வசந்தத்திலேயே கிளை கழிக்கும் ஆட்கள் வந்தார்கள். எந்த மரம், எவ்வளவு உயரம் என்று வேலிக்கு இந்தப் பக்கம் என்னோடு நடந்து காட்டிவிட்டுத்தான் ரம்பத்தை எடுத்தார்கள். எனக்குப் பிடித்த ஓக் மரத்தில் பாதி போய்விட்டது. பரவாயில்லை, போகட்டும்.

ஒன்று சொல்லியாக வேண்டும். நாங்கள் இங்கே இருந்தது இரண்டு கோடையும் ஒரு மிதமான குளிர்காலமும்தான். 2023 தொடக்கத்தில் மத்திய டெக்சாஸில் ஐஸ் கட்டி மரங்கள் முறிந்தபோது நாங்கள் வந்திருக்கவில்லை. அப்படி ஒரு வாரத்தை இந்தக் கம்பியில் நான் இன்னும் பார்க்கவில்லை. அதனால், வீட்டில் ஆக்ஸிஜன் கருவியோடு அம்மாவை வைத்திருக்கும் நண்பர் போன மாதம் கேட்டபோது, ஊருக்குள்ளேயே பாருங்கள் என்றுதான் சொன்னேன்.