படுத்த படுக்கையான அப்பாவும் அரசு உதவியும்: கடலூர் நிலவரம்

இங்கிலாந்தில் படுக்கையோடு கிடக்கும் ஒருவருக்கு அரசுச் செலவில் நீண்டகாலப் பராமரிப்பு கேட்டுப் போனால், உடம்புக்கு எந்த அளவு முடியவில்லை என்றுதான் முதலில் பார்ப்பார்கள். கடலூரில் முதல் கேள்வி, “வருஷ வருமானம் எவ்வளவு?” இந்த முறை ஊருக்குப் போனபோது அப்பாவுக்காக இந்தக் கேள்வியோடுதான் பாதி நாள் கழிந்தது. வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் வயதான பெற்றோரை வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். எல்லாம் 2025 ஆகஸ்ட், செப்டம்பர் நிலவரம்.

இங்கிலாந்தில் உள்ள முறையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். லண்டன் பக்கத்தில் ஒரு நர்ஸிங் ஹோமில் வேலை பார்க்கிறேன். அங்கே அரசு மருத்துவ சேவையின் பெயர் என்எச்எஸ். அது தரும் ‘என்எச்எஸ் கன்டின்யூயிங் ஹெல்த்கேர்’ என்ற உதவிக்காகப் பிள்ளைகள் ஃபைலும் கையுமாக வந்து எங்களிடம் நர்ஸிங் குறிப்புகள் கேட்பது வாடிக்கை. அது கிடைத்துவிட்டால் நர்ஸிங் ஹோம் செலவோ, வீட்டில் ஆள் வைத்துப் பார்க்கும் செலவோ முழுக்க அரசுடையது. சொத்து, சேமிப்பு எதையும் கேட்பதில்லை. ஆனால் லேசில் கிடைக்காது. முதலில் ஒரு செக்லிஸ்ட். அதைத் தாண்டினால் ஒரு குழு உட்கார்ந்து மூச்சு, சாப்பாடு, தோல், நடமாட்டம், நினைவு என்று 12 தலைப்புகளில் நோயாளியை எடை போடும். அந்தந்த வட்டாரத்து என்எச்எஸ் நிர்வாகமான இன்டகிரேட்டட் கேர் போர்டு 28 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது வழிகாட்டுதல். மறுத்தால் மறுபரிசீலனை கேட்கலாம். அதுவும் போனால் உள்ளாட்சி நிர்வாகமான கவுன்சில்தான். அங்கே 23,250 பவுண்டுக்கு மேல் கையிருப்பு உள்ளவர் சொந்தக் காசில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பாட்டியின் படுக்கைப் புண் ‘மாடரேட்’டா ‘ஹை’யா என்று படித்தவர்கள் அரைமணி நேரம் வாதாடியதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

அப்பாவுக்கு 76 வயது. தனியார் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிப்ரவரியில் பக்கவாதம் வந்து வலது கை, கால் போயிற்று, பேச்சும் குழறல். திருப்பாப்புலியூர் வீட்டில் அம்மாவும் அவரும் மட்டும்தான். அண்ணனும் அண்ணியும் செம்மண்டலத்தில் இருந்து வந்து போகிறார்கள். சிறுநீர் போக டியூப், வாட்டர் பெட், கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் நிறைய மருந்து. ஹாலில் டிவி இருந்த இடத்தில் இப்போது ஆஸ்பத்திரிக் கட்டில்.

முதல் ஆச்சரியம், எதற்கும் விண்ணப்பிக்காமலே வந்த உதவி. பக்கத்தில் இருக்கும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் அண்ணி அப்பா பெயரையும் விலாசத்தையும் சொல்லி, டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டியிருக்கிறார். அவ்வளவுதான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார் ஒரு தன்னார்வலர். அவர் அடுத்த தெருக்காரர், அம்மாவைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுகிறார். பிசியோதெரபிஸ்ட் ஒருவரும், நோய் ஆதரவு சிகிச்சைக்கான நர்ஸ் ஒருவரும் முறை வைத்து வருகிறார்கள். 2024இல் ஐ.நா. இந்தத் திட்டத்துக்கு விருது கொடுத்தது என்று செய்தியில் படித்தபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அரசுத் திட்டம் விருது வாங்குவது புதிதா என்ன?

அந்த நர்ஸ் வேலை செய்வதைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. வந்ததும் கையைக் கழுவிவிட்டு, புறங்கையால் அப்பாவின் வலது குதிகாலைத் தொட்டுப் பார்த்தார். “சூடா இருக்கும்மா. இது செவந்துச்சுன்னா அடுத்தது புண்ணுதான்” என்றார். அம்மா குதிகாலுக்கு அடியில் வைத்திருந்த தலையணையை உருவி, கெண்டைக்காலுக்கு அடியில் கொடுத்து, குதிகால் எதிலும் படாமல் நிற்கும்படி செய்தார். முட்டி இரண்டுக்கும் நடுவில் மடித்த துண்டு. டியூபைத் தொடையில் எந்த இடத்தில் ஒட்டினால் இழுக்காது என்று அம்மா கையைப் பிடித்தே காட்டினார். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் ‘6 இடது, 8 நேர், 10 வலது’ என்று எழுதிச் சுவரில் ஒட்டினார். உணர்ச்சி இல்லாத பக்கம் என்பதால் வலதுக்கு மட்டும் ஒரு மணி நேரம் போதும் என்று அடிக்கோடும் போட்டார். “வருமானச் சான்று ஏதும் வேணுமா?” என்று அம்மா பயந்துகொண்டே கேட்டார். “நோயாளிக்கு எதுக்கும்மா அது?” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டு விலாசத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

குறை சொல்ல வேண்டும் என்றால் ஆள் பற்றாக்குறையைத்தான் சொல்ல வேண்டும். அவர் ஒருவர் பார்க்கும் வீடுகள் ஏராளம். அடுத்த முறை எப்போது என்று கேட்டால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சிரிக்கிறார். இன்னொன்று, இது தமிழ்நாடு அரசின் திட்டம். தென்பெண்ணையைத் தாண்டினால் பாகூரில் என் சித்தப்பா இருக்கிறார். அது புதுச்சேரி, வேறு அரசு. நம் நர்ஸ் அங்கே போக மாட்டார்.

சரி, வருமானக் கதைக்கு வருகிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இருந்தால் ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. அப்பாவின் பென்ஷன் அந்த வரம்புக்கு எவ்வளவோ கீழே. இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்குப் போட உட்கார்ந்தால், ஓடிபி அப்பாவின் பழைய நோக்கியா நம்பருக்குப் போகிறது. அந்த சிம் செத்து மூன்று வருடம் ஆகிறது. ஆதாரில் நம்பரை மாற்றக் கைரேகை கேட்டார்கள். வலது கை விரல்கள் மடங்கியே கிடக்கின்றன. படுக்கையில் இருப்பவர்களுக்காக வீட்டுக்கே வந்து ஆதார் திருத்தித் தரும் சேவை உண்டு. கட்டணம் கட்டி, வந்தவர் இடது கையிலும் கண்ணிலும் பதிவு எடுத்துக்கொண்டு போனார். வெளிநாட்டில் இருப்பவர்கள் மற்றதைச் செய்கிறார்களோ இல்லையோ, பெற்றோர் நடமாட்டமாக இருக்கும்போதே ஆதார் நம்பர் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

விசாரணைக்கு வந்த அலுவலர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். ஏசி, இன்வெர்ட்டர், சுவரில் என் பையனின் பள்ளிக்கூடப் போட்டோ. “மகன் லண்டன்ல இருக்காரு. உங்களுக்கு எதுக்கும்மா இந்தக் கார்டு?” அம்மா முகம் சுண்டிவிட்டது. எனக்குக் கோபம் வரவில்லை, நியாயமான கேள்விதான். ரேஷன் கார்டில் என் பெயர் எடுத்து எவ்வளவோ வருடமாகிறது, சட்டப்படி அவர்கள் தனிக் குடும்பம் என்று சொன்னேன். சட்டம் சரி என்று தலையாட்டினார். சான்று ஆன்லைனில் வந்தது. ஆனால் நான் அனுப்பும் பணத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்கு இன்னும் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது. அங்கே லட்சாதிபதியின் மகன்கூட நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேட்கிறான், விதியே அப்படி. இங்கே மருந்துக்கு மாதாமாதம் கடன் வாங்கும் வாத்தியார் வீட்டில் கேட்கவே கூசுகிறார்கள்.

அந்த அட்டையால் என்ன பயன் என்றால், மருத்துவமனையில் சேர்த்தால் பயன். வீட்டில் வைத்துப் பார்ப்பதற்கு அதில் பத்துப் பைசா கிடையாது. அதற்குக் கொஞ்சமாவது கைகொடுப்பது மாற்றுத்திறனாளி சான்று. 75 சதவீதமும் அதற்கு மேலும் கடும் பாதிப்பு என்று சான்று கிடைத்தால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை. பக்கவாதத்துக்கு ஆறு மாதம் கழித்துத்தான் சதவீதம் போடுவோம் என்று முன்பே சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆகஸ்டில் ஆரம்பித்த சனிக்கிழமை மருத்துவ முகாம்களிலேயே இந்தச் சான்றும் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஆம்புலன்ஸ் பிடித்து ஒரு பள்ளிக்கூடத்துக்கு அப்பாவைக் கொண்டுபோனோம். நடக்க முடியாதவர்களுக்கான கவுன்டர் நான்கு படி மேலே. சாய்தளம் இல்லை. பக்கத்தில் வரிசையில் நின்றவர்கள் நால்வர், கேட்காமலே வந்து வீல்சேரைத் தூக்கிவிட்டார்கள். டாக்டர் பொறுமையாகப் பார்த்தார். சதவீதம் மாற்றுத்திறனாளி அட்டையில் வந்த பிறகுதான் உதவித்தொகைக்கு மனு போட முடியும். அந்த வேலையை அண்ணனிடம் ஒப்படைத்திருக்கிறேன்.

2,000 வந்தால் டயப்பர் செலவில் பாதி ஆகும். ஹோம் நர்ஸுக்கு மாதம் 22,000, சாப்பாடு தனி. ஹோம் நர்ஸ் என்று பெயர்தானே தவிர, விருத்தாசலம் பக்கத்தில் இருந்து வந்த பிளஸ் டூ முடித்த தம்பி. டியூப் மாற்றத் தெரியாது. ஆனால் அப்பாவைத் தூக்கி உட்கார வைக்கும் கை அவ்வளவு பதம், அவரோடு கிரிக்கெட் பேசவும் செய்கிறான். அந்த 22,000இல் ஏஜென்சி எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்று கேட்டதற்கு, “விடுண்ணா” என்று சொல்லிவிட்டான். இங்கிலாந்தில் அந்தப் பன்னிரண்டு தலைப்புகளுக்காக அத்தனை சண்டை போடுவது இந்த வேலைக்கான கூலிக்காகத்தான். கடலூரில் அதற்காகச் சண்டை போட ஒரு கவுன்டர்கூடக் கிடையாது. குடும்பம் பார்த்துக்கொள்ளும் என்று அரசு நினைக்கிறது. குடும்பம் என்றால் 70 வயது அம்மா.

விவரம் கேட்க நாடு முழுவதும் முதியோருக்கு 14567 என்று ஒரு இலவச எண் இருக்கிறது. மருத்துவ ஆலோசனைக்கு 104. டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்துப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எங்கே போனாலும் ஒன்றைப் பிடுங்கிக்கொள்கிறார்கள்.

ஹோம் நர்ஸ் தம்பி தீபாவளிக்கு நான்கு நாள் லீவு கேட்டிருக்கிறான். மாற்று ஆளுக்கு ஏஜென்சி இரட்டைச் சம்பளம் சொல்கிறது. வண்டிப்பாளையத்தில் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறாராம், அண்ணி பேசிக்கொண்டிருக்கிறார்.