கார் இன்சூரன்ஸ் கம்மி ரேட்டுக்கு: வருஷா வருஷம் நாலு எடத்துல விசாரிச்ச அனுபவம்

நம்ம வண்டி டிஎன் 72 ஸ்விஃப்ட் பெட்ரோல், 1197 சிசி. வாங்கி ஆறு வருஷம் ஓடிப்போச்சு. மொத மூணு வருஷத்துக்கு தேர்ட் பார்ட்டி (நம்ம வண்டியால அடுத்தவங்களுக்கு ஆவுற சேதத்துக்கான இன்சூரன்ஸ்) ஷோரூம்லயே சேத்துக் கட்டியாச்சு, 2018 செப்டம்பர்லேருந்து புது காருக்கு அது கட்டாயம். மத்தபடி ஒவ்வொரு வருஷமும் ஷோரூம், கம்பேர் பண்ணுத வெப்சைட்டு, கம்பெனியோட சொந்த வெப்சைட்டு, பாளையங்கோட்டைல ஒரு ஏஜென்ட் அண்ணாச்சின்னு எல்லா பக்கமும் விசாரிச்சுட்டுத்தான் பணம் கட்டுதேன். ஒரே வண்டி, ஒரே நாள், நாலு பேரும் நாலு வெல சொல்லுவாங்க.

இதுல தேர்ட் பார்ட்டி எங்க போனாலும் ஒரே ரேட்டுதான், அது அரசாங்கம் போடுதது. 2022 ஜூன்ல வந்த அட்டவணைப்படி 1000 சிசி வரைக்கும் 2,094 ரூவா, 1500 வரைக்கும் 3,416, அதுக்கு மேல 7,897. இதுல எவனும் ஒத்தப் பைசா கொறைக்க முடியாது. ஆட்டமெல்லாம் ஓன் டேமேஜ் (ஓடி), அதாவது நம்ம வண்டிக்கு ஆவுற சேதத்துக்கான பக்கத்துலதான், கடைசில மொத்தத்துக்கும் சேத்து 18 சதவீதம் ஜிஎஸ்டி. அதனால எவனாவது போன் போட்டு "உங்களுக்கு மட்டும் ஸ்பெஷல் டிஸ்கவுண்ட் சார்"னு ஆரம்பிச்சா, ஓடி பிரீமியம் எவ்வளவு, ஐடிவி (பாலிசில நம்ம வண்டிக்குப் போடுத மதிப்பு) எவ்வளவுன்னு ரெண்டே கேள்வி கேளுங்க, அந்தப் பக்கம் சத்தம் தானா கொறஞ்சிரும்.

ஐடிவிதான் இங்க முக்கியமான சங்கதி. வண்டி திருடு போனாலோ மொத்தமா நொறுங்கிப் போனாலோ கைக்கு வர்ற தொகை அதுதான். அஞ்சு வருஷம் வரைக்கும் தேய்மானத்துக்கு டேபிள் இருக்கு, ரெண்டுலேருந்து மூணு வருஷம்னா 30 சதவீதம், நாலுலேருந்து அஞ்சுன்னா 50ன்னு. அஞ்சைத் தாண்டிட்டா கம்பெனியும் நாமளும் பேசி முடிவு பண்ணுததுதான், அங்கனதான் வெளையாடுதாங்க. கம்பேர் சைட்டுல மொதல்ல வந்து நிக்கிற கொறஞ்ச ரேட்ட தொட்டுப் பாத்தா ஐடிவிய அடிமட்டத்துக்கு எறக்கி வச்சிருப்பாங்க. அத மத்த கம்பெனிக்கு சமமா ஏத்திட்டு திரும்பப் பாருங்க, வரிசையே மாறிப்போவும். நம்ம ஏஜென்ட் அண்ணாச்சி கொட்டேஷன் தாள்ல ஐடிவி வரிய பேனாவால ரெண்டு தடவ சுழிச்சு வச்சுட்டு சொன்னாரு, "இத கொறச்சா இன்னைக்கு ஐநூறு ரூவா மிச்சம் தம்பி, வண்டி போச்சுன்னா அம்பதாயிரம் போயிரும், எது வேணும்னு நீங்களே சொல்லுங்க". மனுசன் கமிஷனுக்காகப் பேசுதாருன்னே வச்சுக்கிடுவோம், கணக்கு சரியாத்தான இருக்கு.

இன்னொண்ணு, ஓனர் டிரைவருக்கு 15 லட்சம் பெர்சனல் ஆக்சிடென்ட் கவர். நம்ம ஊர்ல கார் இருக்க வீட்டுல பைக்கும் இருக்கும், ரெண்டு பாலிசிலயும் இத தனித்தனியா கட்டிட்டு இருப்பாங்க. ஒருத்தருக்கு ஒண்ணு போதும். ஏற்கெனவே இருக்குன்னு சொன்னா எடுத்துருவாங்க, ஆனா நாமளாச் சொல்லணும், அவங்களாக் கேக்க மாட்டாங்க. அப்புறம் சென்னைல இருக்க மச்சான் இதே மாடல் வச்சிருக்கான், அவனுக்கு ஓடி கொஞ்சம் கூடத்தான் வரும், ஏன்னா சென்னை மாதிரி எட்டு பெரிய ஊர் ஏ ஸோன், நாமெல்லாம் பி ஸோன். திருநெல்வேலில இருக்கதுக்கு இப்படி ஒரு லாபம்!

க்ளெய்ம் பக்கம் வருவோம். வண்ணார்பேட்டைல ரிவர்ஸ் எடுத்த ஷேர் ஆட்டோ ஒண்ணு நம்ம பம்பர ஒடச்சுட்டுப் போயிட்டான். புது பம்பர் வெல 4,000ன்னு வைங்க, பிளாஸ்டிக்குன்னா தேய்மானம் 50 சதவீதம், ஆக 2,000, அதுலயும் 1500 சிசி வரைக்கும் உள்ள வண்டிக்கு 1,000 நாமதான் போடணும். கைக்கு வர்றது ஆயிரம் ரூவா. அந்த ஆயிரத்துக்காக க்ளெய்ம் போட்டா நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் போடாம இருந்ததுக்கு ஓடி பிரீமியத்துல கெடைக்கிற தள்ளுபடி) மொத்தமும் போயிரும், அது அஞ்சு வருஷத்துல 20, 25, 35, 45ன்னு ஏறி 50 சதவீதத்துல வந்து நிக்கிறது. நான் க்ளெய்ம் போடல, மேலப்பாளையத்துல ஒரு ஒர்க்‌ஷாப்ல கைக்காசப் போட்டு மாத்திட்டேன். ஜீரோ டெப்னு ஒரு ஆட் ஆன் (கூடக் காசு கட்டி சேத்துக்கிடுத கவர்) இருந்தா தேய்மானம் பிடிக்க மாட்டாங்க, ஆனா வண்டி பழசாயிட்டா சில கம்பெனில அது குடுக்கதில்ல.

ஆட் ஆன்ல எனக்கு நம்பிக்க வந்தது 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம்தான். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுனது, தாமிரபரணி கரைய ஒடச்சு ஜங்ஷனுக்குள்ள வந்தது எல்லாம் ஞாபகம் இருக்கும். எங்க தெருவுக்கு வரல. சிந்துபூந்துறைல இருக்க அத்தான் கார்ல சீட்டு மட்டத்துக்கு தண்ணி, வடிஞ்ச பெறகு கதவத் தொறந்தா உள்ள விரல் உயரத்துக்கு சகதி. அவுக சாவியப் போட்டு ஒரு திருவு திருவுனாக, அவ்வளவுதான், தண்ணி என்ஜினுக்குள்ள போய் ராடு வளஞ்சு போச்சு. சீட்டு, வயரிங், கிளீனிங் எல்லாம் சாதா காம்ப்ரிஹென்சிவ்லயே (தேர்ட் பார்ட்டியும் ஓடியும் சேந்த பாலிசி) கெடச்சுது, என்ஜினுக்கு மட்டும் கைய விரிச்சுட்டாங்க, என்ஜின் ப்ரொடெக்ட்ங்கற ஆட் ஆன் எடுக்கலங்கறதால. அதே தெருவுல அது இருந்த ஒருத்தருக்கு பாஸ் ஆச்சு. ஆத்தோரம் குடியிருக்கவங்க வேற எத விட்டாலும் இத விடாதீங்க, தண்ணி ஏறுன வண்டிய ஸ்டார்ட்டும் பண்ணாதீங்க, கட்டி இழுத்துட்டுப் போங்க. டயர் கவர், சாவி கவர் எல்லாம் என்னப் பொறுத்தவரைக்கும் தண்டம்.

இந்த வருஷம் கம்பெனியோட சொந்த சைட்டுலயே போட்டேன், ஐடிவிய சமமா வச்சுப் பாத்ததுல அண்ணாச்சி ரேட்டுக்கும் அதுக்கும் சில நூறு ரூவாதான் வித்தியாசம். க்ளெய்ம்னா சர்வேயர் (சேதத்த மதிப்புப் போட வர்றவரு) பின்னாடி அலையறதுக்கு ஆள் வேணும்னு நெனைக்கவங்க அந்த சில நூற ஏஜென்ட்டுக்கே குடுக்கலாம், தப்பில்ல. கம்பேர் சைட்டுல நம்பர் குடுக்கதுக்கு முன்னாடி மட்டும் யோசிங்க, வாரக்கணக்குல போன் வரும். பாலிசி முடிஞ்சு 90 நாள் தாண்டிட்டா போனஸ் காலி, 90 நாளுக்குள்ள கட்டுனாலும் தேதி தாண்டியிருந்தா வண்டிய இன்ஸ்பெக்‌ஷன் பண்ணணும்பாங்க, அதனால தேதிக்கு முன்னாடியே பாத்துருங்க. பிடிஎஃப் வந்த ஒடன என்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர ஆர்சியோட ஒத்துப் பாத்துக்கிடுங்க, போனஸ் சதவீதத்தப் பழைய பாலிசியோட பாருங்க, அது கூடக் கொறைய இருந்தா க்ளெய்ம் அன்னைக்குத்தான் நோண்டுவாங்க.