டேனரி மீட்டருக்கு சிலிண்டரா, ட்யூபா, சிலிக்காவா?

ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை, டேனரி (தோல் பதனிடும் ஆலை) இருக்கிற இடமெல்லாம் ஹைட்ரஜன் சல்பைடு மீட்டர் தேவை. முடி நீக்கப் போட்ட சோடியம் சல்பைடு கழிவில் அமிலத் தண்ணீர் கலந்தால் போதும், அந்த வாயு கிளம்பிவிடும். 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு) வாக்கில் மூக்கே மரத்துப்போகும் என்பதால் நாற்றத்தை நம்ப முடியாது. சரி, மீட்டர் காட்டும் எண்ணை எதை வைத்துச் சரிபார்ப்பது?

பெரும்பாலும் சிலிண்டர்தான். நைட்ரஜனில் 25 பிபிஎம் கலந்தது கிடைக்கும். ரெகுலேட்டரைத் திறந்து குழாயை மீட்டரில் மாட்டினால் சில நிமிட வேலை. கந்தக வாயு உலோகச் சுவரில் ஒட்டும் என்பதால் உட்புறம் பதப்படுத்திய அலுமினிய சிலிண்டர் வேண்டும், பித்தளை ரெகுலேட்டர் ஆகாது. காலாவதி தேதியையும் பாருங்கள்.

பெர்மியேஷன் ட்யூப் 1966-இல் ஓ'கீஃப், ஆர்ட்மன் இருவரும் கொண்டுவந்தது. டெஃப்லான் குழாயில் திரவமாக்கி அடைத்த வாயு, சுவர் வழியே நிமிடத்துக்கு இத்தனை நானோகிராம் என்று கசியும். குழாயை அவ்வப்போது எடை போட்டாலே கசிவு வீதம் தெரிந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. ஆனால் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் வீதம் சுமார் 10 சதவீதம் ஏறும். அதை வைக்கும் பெட்டிக்குச் சூடாக்க மட்டும்தான் தெரியும் என்றால், 30 டிகிரியில் செட் செய்து பயனில்லை. வேலூர் மே மாதத்தில் அறையே அதைத் தாண்டிவிடும். 50 டிகிரிக்கு அளவிட்ட ட்யூபாகக் கேட்டு வாங்க வேண்டும். கரண்ட் போனால் கசிவு மறுபடி நிலைப்படும்வரை காத்திருக்க வேண்டும். வேலையில்லாத நாளிலும் அது கசிந்துகொண்டே இருக்கும்.

மூன்றாவது, போலந்தின் க்தான்ஸ்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நமியேஷ்னிக், கொன்யெச்கா போன்றோர் வளர்த்த வழி. சிலிக்கா (மணலில் இருக்கும் அதே சேர்மம்) பொடியின் மேற்பரப்பில் சதுர நானோமீட்டருக்கு ஏறக்குறைய 5 ஹைட்ராக்சில் குழுக்கள் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடிகள்) இருக்கும். அவற்றோடு வேண்டிய சேர்மத்தை வேதிப்பிணைப்பால் கட்டிவிடுவார்கள். சூடாக்கினால் பிணைப்பு முறிந்து எத்திலீனோ மெர்காப்டனோ (கந்தகம் கொண்ட நாற்றச் சேர்மம்) வெளிவரும். எவ்வளவு பொடி எடை போட்டீர்களோ, அதற்கேற்ற வாயு. அதுவரை வெறும் பொடிதான். நச்சு வாயுவை அடைத்துச் சுமக்கும் தொல்லை இல்லை. பொடி முழுக்க ஒரே சீராகப் பிணைந்திருக்க வேண்டும் என்பதுதான் கஷ்டமான பகுதி.

வாயு ஒரே தவணையில் வந்து தீர்ந்துவிடுவதால், கையடக்க மீட்டருக்கு இது சரிப்படாது. கேஸ் குரோமட்டோகிராஃப் (ஒரு சிறு தவணை வாயுவை உள்ளே விட்டுப் பிரித்து அளக்கும் கருவி) வைத்திருக்கும் ஆய்வகம் என்றால் நான் சிலிக்காவைத்தான் முதலில் யோசிப்பேன். நாள் முழுக்க ஓடும் அனலைசருக்கு ட்யூப், அதுவும் யூபிஎஸ் இருந்தால். கழிவுத் தொட்டி ஓரம் நிற்பவருக்கு சிலிண்டரே போதும்.